காரைக் கழுவினேன், கண் திறந்தது!



"கார் கழுவுவதற்குக்கூடவா ஒரு வாத்தியார் பாடம் நடத்த வேண்டும்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். முழுவதும் படித்துவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

என் அப்பா காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் துரையின் கார், பெரிய கிராணியின் கார், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு சைக்கிள். கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு மோட்டார் சைக்கிள். 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வந்தபோது நான் சின்னப் பிள்ளை. ஓராண்டு கழித்து அந்தக் கார் ஒன்று எங்கள் தோட்டத்துக்கு வந்ததும், லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அதன் பின்னால் புழுதியில் ஓடினோம். இன்று கெமாஸ் வட்டாரத் தோட்டங்களில் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்பது அதிசயம் அல்ல. அது ஆடம்பரமும் அல்ல. நோயாளியைச் சிகாமட்டுக்கோ தம்பினுக்கோ கொண்டு போகவும், பெரிய பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பவும் வேறு வழி ஏது? ஆனால் நம்மில் பலர் வாங்குவது பழைய கார். பழைய கார் வாங்குபவருக்குத்தான் நான் சொல்லப்போகும் கதை மிகவும் வேண்டும்.

என் அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் தோட்டத்துத் துரையின் வண்டியை ஓட்டியவர். ஓட்டியவர் என்பதைவிடக் கழுவியவர் என்று சொல்வது பொருந்தும். விடியற்காலை ஐந்து மணிக்கே வாளியும் துணியுமாகக் கிளம்பிவிடுவார். அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இது: "மொதல்ல உள்ள, அப்புறம்தான் வெளிய."

காரணம் எளிது. உள்ளே தட்டும் தூசு வெளியே வந்து படியும். வெளியே கழுவி முடித்த பிறகு உள்ளே தட்டினால் செய்த வேலை வீண். இந்தச் சின்ன விதியை நான் நாற்பது வயதுக்கு மேல் மறந்தேன். அதற்குக் கொடுத்த விலை கொஞ்சம் அல்ல.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், கூட்டுறவுக் கடன் எடுத்து, 18,000 வெள்ளிக்கு ஒரு பழைய கார் வாங்கினேன். எந்த ஊர், எந்தக் கடை என்பதை எழுதப் போவதில்லை. சின்னக் கார், வெள்ளி நிறம், கண்ணாடிபோல் பளபளத்தது. உள்ளே எலுமிச்சை வாசனை கமகமவென்று வந்தது. "ஒரே ஆள் ஓட்டின காடி சார், ஆபீசுக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டியிருக்காங்க" என்றார் வியாபாரி. நானும் நம்பினேன்.

நான்கு மாதம் வாராவாரம் அந்தக் காரைக் கழுவினேன். எப்படி? வெளியே மட்டும்தான்.

வெளியே கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நின்று சூடான காரைக் கழுவக் கூடாது. சோப்புத் தண்ணீர் காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். காலையிலோ மாலையிலோ நிழலில் நிறுத்துங்கள். நம் தோட்டத்துச் செம்மண்ணில் பொடி மணல் இருக்கிறது. அதன்மேல் துணியை வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். ஆகவே முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மண்ணை இறக்கிவிட வேண்டும்.

இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணியை அலசுவதற்கு நல்ல தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். டயருக்கும் சக்கரத்துக்கும் தனித் துணி. துணி துவைக்கும் தூளையும் மங்கு கழுவும் சோப்பையும் போடாதீர்கள். அவை அழுக்கோடு சேர்த்து மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். பறவை எச்சம் சாயத்தை அரிக்கும். அதைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறி வந்துவிடும். தார்ப்பொட்டுக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி போதும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரில் டிங்கிக் கொசுவை வளர்க்க வேண்டாம்.

செம்பனைத் தோட்டத்தார் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். உர மூட்டையைக் காரின் பின்பெட்டியில் ஏற்றாதீர்கள். பொட்டாஷ் உரம் ஒருவகை உப்பு. சிந்திய உரம் ஈரம் பட்டுக் கரைந்தால் தகரத்தைத் தின்றுவிடும். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கித்தான் விரித்து ஏற்றி, அன்றைக்கே கூட்டிக் கழுவிவிடுங்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் உள்ளே கைவைக்கவில்லை. பார்வைக்குச் சுத்தமாக இருந்ததை ஏன் கிளற வேண்டும் என்ற சோம்பல்தான். எலுமிச்சை வாசனை போன பிறகு வேறு ஒரு வாசம் எட்டிப் பார்த்தது. மழை நாளில் அது கூடியது. "அப்பா, காருக்குள்ள காயாத துணி மாதிரி வாசம் வருது" என்றாள் மகள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கொல்லையில் இருந்த பண்டான் இலையில் ஒரு கொத்து அறுத்துப் பின்னிருக்கையில் போட்டேன். வாசம் மறைந்தது. அத்துடன் அதை மறந்தும் போனேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. வீட்டைக் கழுவி, திரைச்சீலையைத் துவைத்து, கடைசியில் காருக்கு வந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால், அவர் சொன்ன முறைப்படி உள்ளே தொடங்கினேன்.

உள்ளே சுத்தம் செய்வது இப்படி: நான்கு கதவையும் திறந்து வையுங்கள். கால்மிதிகளை எடுத்துத் தட்டி வெயிலில் போடுங்கள். கூரைத் துணியிலிருந்து தொடங்கி இருக்கை, தரை என்று இறங்குங்கள். தூசு உறிஞ்சும் இயந்திரம் இல்லாவிட்டால் பழைய பல்துலக்கியும் சின்ன விளக்குமாறும் போதும். முன்பலகையை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். பொத்தான்கள் இருக்கும் இடத்தில் தண்ணீர் தெளிக்கவே கூடாது. துணி இருக்கையில் சமையல் சோடாவைத் தூவி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பிறகு கூட்டி எடுத்தால் வாசம் குறையும். கண்ணாடிக்கு நனைத்த பழைய செய்தித்தாளைப் போல ஒன்று கிடையாது.

கிருமி போகட்டும் என்று குளோரின் மருந்தை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதனுடன் எந்த அமிலத்தையும் கலக்காதீர்கள். ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலத்தைக் கண்ட வீடுகள் நம்முடையவை. குளோரின் மருந்துடன் அமிலம் சேர்ந்தால் நச்சுக்காற்று வரும். கார் ஓர் அடைத்த பெட்டி என்பதை மறக்க வேண்டாம்.

கூட்டிக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் பக்கத்துத் தரைக் கம்பளத்தில் கை வைத்ததும் சில்லென்றது. மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது. கதவடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை மெல்ல நெம்பிக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினேன். அடியில் இருந்த பஞ்சு கசிந்தது. அதற்கும் கீழே, மாவுபோல் நைசான சாம்பல் நிறச் சேறு. நம் ஊர் மண் சிவப்பு. இது எங்கிருந்து வந்தது?

சேற்றுக்குள் ஒரு வண்ணப் பென்சில் கிடந்தது. பிள்ளைகள் வைத்திருக்கும் சின்னப் பென்சில். மரம் ஊறி உப்பி இரண்டாகப் பிளந்திருந்தது.

என் தங்கை மகன் ஒரு கார்ப் பட்டறையில் வேலை செய்கிறான். அவனை வரச் சொல்லிவிட்டு, சும்மா இருக்க மாட்டாமல் சேற்றை வாளியில் வழித்துப் போட ஆரம்பித்தேன். அவன் வந்ததும் வராததுமாகக் கத்தினான்: "கழுவாதீங்க மாமா! மொதல்ல படம் புடிங்க!" பிறகு குளிர்சாதனத்தின் கழிவு நீர்க் குழாயைப் பார்த்தான். அது அடைத்துக்கொண்டாலும் கம்பளம் நனையும். வண்டியை ஓடவிட்டான், தண்ணீர் கீழே சொட்டுச் சொட்டாக ஒழுங்காகவே விழுந்தது. "இது அந்தத் தண்ணி இல்ல மாமா" என்றான். இருக்கை வார்ப்பட்டையைக் கடைசிவரை வெளியே இழுத்தான். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் பழுப்புக் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. தண்ணீர் நின்ற மட்டம்! முன்பலகைக்கு அடியில் கைவிளக்கு அடித்துக் காட்டினான். கம்பி இணைப்புகளில் பச்சைப் பொடி பூத்திருந்தது. இருக்கைத் தண்டவாளம் முழுவதும் துரு.

"மாமா, இது தண்ணி குடிச்ச காடி."

எந்த வெள்ளத்தில் குடித்தது என்று வண்டி சொல்லாது. ஆனால் நான் வாங்கியதற்கு ஆறு மாதம் முன்புதான், 2021 டிசம்பரில், கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் எல்லாம் தண்ணீருக்குள் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளத்தில் நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளத்தில் கார் போனவர்களில் எத்தனையோ பேருக்கு இழப்பீடும் கிடைத்திருக்காது. நம் நாட்டில் முழுக் காப்புறுதி எடுத்தாலும், வெள்ளத்துக்கென்று தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்த்தால்தான் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்கும். அந்தப் பென்சிலை வைத்திருந்த பிள்ளையின் தகப்பன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கிடைத்த விலைக்குத் தள்ளியிருப்பார். தெரிந்தே எலுமிச்சை வாசனை அடித்து விற்ற கைமேல்தான் கோபம் வந்தது.

வியாபாரிக்குத் தொலைபேசி போட்டேன். "நீங்க பார்த்துத்தானே சார் வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மையில் வெட்கம்தான் என் வாயை அடைத்தது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் வாத்தியார் ஏமாந்துவிட்டார் என்று தெரிந்தால் சிரிக்க மாட்டார்களா?

அந்த வெட்கத்தில்தான் அடுத்த எண்ணம் முளைத்தது. விற்றுவிடலாம். "சோடா போட்டுக் கழுவு, காய வை, பாலிஷ் அடி, தள்ளிவிடு. எல்லாரும் செய்யறதுதானே?" என்றார் நண்பர் ஒருவர். மனைவியும், "நமக்கு யாருங்க சொன்னாங்க?" என்று கேட்டாள். மகள் மேற்படிப்புக்குப் போகும் நேரம். அவள் கவலை எனக்குப் புரிந்தது.

ஆளும் தானாகவே வந்தார். எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என் வகுப்பில் படித்தவர்கள். அவருடைய தாயாருக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் யாரிடமாவது வண்டி கேட்டு நின்றார். "சார் வச்சிருந்த காடின்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று சொல்லி, 16,000 வெள்ளி தர ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு.

சனிக்கிழமை காரைக் கழுவினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எந்த வண்டியையும் கழுவியதில்லை. கம்பளத்தைப் பொருத்தினேன், பட்டையை அழுத்தினேன், புதுப் பண்டான் இலை வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அப்பா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். நெடுநேரம் கழித்துச் சொன்னார்:

"தொரை காடிய வெளிய மட்டும் கழுவிட்டு நிறுத்தின நாளும் உண்டுடா தம்பி. தொரை ஒன்னும் சொல்ல மாட்டாரு. ஆனா அவரு வந்து கதவத் தொறக்கிற வரைக்கும் எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிட்டே இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு யோசித்தேன். தண்ணீர் குடித்த கார் இன்று ஓடும், நாளையும் ஓடும். அரித்துக்கொண்டிருக்கும் கம்பி என்றைக்குக் கைவிடும் என்று யாருக்கும் தெரியாது. விபத்து நேரத்தில் விரிய வேண்டிய காற்றுப்பை விரியாமல் போகலாம். நெடுஞ்சாலை நடுவே இரவில் வண்டி நின்று போகலாம். பின்னிருக்கையில் இருக்கப்போவது அந்த நோயாளித் தாயும் என் மாணவர்களும். புறத்தைக் கழுவத் தண்ணீர் போதும், அகத்தைக் கழுவ வாய்மை வேண்டும் என்ற வள்ளுவர் கருத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குபவன் நான். ஏமாந்தபோது வந்த வெட்கம் பெரிது என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று வாசலில் காத்திருந்தது.

ஞாயிறு காலை அவர் மனைவியோடும் சின்ன மகனோடும் வந்தார். நான் ஓட்டுநர் கதவைத் திறந்து, கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன். துருவையும், வார்ப்பட்டைக் கோட்டையும், கைத்தொலைபேசியில் இருந்த சேற்றுப் படத்தையும் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது சார்" என்றார். பிறகு மூவரும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். நான் பெருமையோடு தூங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அன்றிரவு முழுவதும் அந்த 16,000 வெள்ளி என் கண்முன்னே ஆடியது.

ஆனால் ஒருவரிடம் சொன்ன பிறகு மற்றவரிடம் சொல்வது எளிதாகிவிட்டது. பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தைப் பற்றி அப்போதுதான் விசாரித்தேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றம் அது. கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேசலாம். 2019ஆம் ஆண்டு முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கிய காருக்கு இது பொருந்தாது. படங்களையும், பட்டறையில் எழுதித் தந்த அறிக்கையையும், பற்றுச்சீட்டையும் சேர்த்துப் பாரத்தை நிரப்பினேன். அந்தத் தகவல் வியாபாரிக்குப் போனதும் அவருடைய குரல் மாறிவிட்டது. விசாரணை நாளுக்கு முன்பே பேசி, 5,000 வெள்ளி திருப்பித் தந்தார். நானும் ஒப்புக்கொண்டேன். அதில் பெரும்பகுதி புதுக் கம்பி இணைப்புகளுக்கும், காற்றுப்பைச் சோதனைக்கும், புதுக் கம்பளத்துக்கும் போயிற்று. கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஓடுகிற வரை நான்தான் ஓட்டுவேன்.

2023 மார்ச்சில் சிகாமட்டையும் யோங் பெங்கையும் வெள்ளம் சூழ்ந்தது. அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் பக்கத்து ஊர்! அந்த ஆண்டின் நடுவில் ஒரு நாள் குலை வெட்டும் அந்த நண்பர் வந்து, "சார், ஒரு காடி பார்த்திருக்கேன், கொஞ்சம் கூட வர முடியுமா?" என்று கேட்டார். போனேன். எனக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. அவரே கைவிளக்கை எடுத்தார், வார்ப்பட்டையைக் கடைசிவரை இழுத்தார், பின்பெட்டியில் மாற்று டயரைத் தூக்கி அடியைப் பார்த்தார். "இது வேண்டாம் சார்" என்றார். மூன்றாவது காரைத்தான் வாங்கினார்.

வாசகர்களே, நீங்களும் பழைய கார் பார்க்கப் போனால் இவற்றைப் பாருங்கள். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, மாற்று டயர்க் குழியில் சேறு, முன்விளக்குக்குள் நீர்த்திவலை, பழைய காரில் புத்தம் புதுக் கம்பளம், அளவுக்கு மீறிய வாசனை, இவை எல்லாம் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள். இருக்கையை நீங்களே கழற்றாதீர்கள். அடியில் மஞ்சள் நிறக் கம்பி இணைப்பு தெரிந்தால் தொடவே வேண்டாம். அது காற்றுப்பைக்கு உரியது. சந்தேகம் வந்தால் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஐம்பது வெள்ளி வீண் போகாது.

ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். நாம் மூடி வைப்பதால்தான் அடுத்த வீட்டுக்காரரும் ஏமாறுகிறார்.

எங்கள் வீட்டில் இப்போது மாதம் ஒரு முறை கார் கழுவும் நாள். அப்பா திண்ணையில், மகள் கையில் பல்துலக்கி, என் கையில் துணி. அந்தப் பென்சிலை நான் எறியவில்லை. பள்ளி மேசை அறையில் இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த ஊரில் அதைத் தேடி அழுததோ!

நாளை விடுமுறைதானே? வாளியை எடுங்கள். முதலில் உள்ளே தொடங்குங்கள்.